கூட்டல் குறி அல்ல, பத்து

தெங்காவில் பதினாறு மாடிக்காகத் தோண்டிய குழி.
இரவு பெய்த மழை அதில் தேநீர் நிறத்தில் நிற்கிறது.
மணி பத்தரை. வயிறு மண்ணில் பதியப் படுத்திருக்கிறேன்,
டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்தபடி.

நேராக அடித்தால் துரு மட்டும் தெரியும்.
சாய்த்தால் பள்ளங்களில் நிழல் இறங்கும்,
இரும்பில் குத்திய எழுத்து மெல்ல எழுந்திருக்கும்.
இந்த வேலையில் வாசித்துக் காட்டுவது வெளிச்சமல்ல.

முதலில் நங்கூரமா நட்சத்திரமா என்று பார்க்கவேண்டும்.
நங்கூரமென்றால் கடற்படை, நட்சத்திரமென்றால் தரைப்படை.
இதில் மூன்று முனைதான் மிச்சம்,
இரண்டைத் துரு தின்றுவிட்டது. போதும்.
பக்கத்தில் நான்கு வட்டங்கள்,
சாவிக்கொத்து வளையங்களைப்போல் ஒன்றுக்குள் ஒன்று:
கோகுரா. ஆலையின் முத்திரை.
அதன்கீழ் யாரோ ஒரு பரிசோதகர்
தன் பெயரில் ஓரெழுத்தைச் சுத்தியலால் அடித்திருக்கிறார்.
கொஞ்சம் கோணல்.
ஷிப்டு முடியும் நேரமாக இருந்திருக்கும்.

பிறகு ஆண்டு.
கூட்டல் குறி மாதிரி இருக்கிறதே, அது கூட்டல் அல்ல,
பத்து.
அதற்குக் கீழே தொப்பி போட்டுக் கை விரித்து
கால் அகட்டி நிற்கும் ஆள்,
ஆறு.
சோவா பதினாறு.
இருபத்தைந்து சேர்த்தால் நம்முடைய நாற்பத்தொன்று.
(அப்படிப் பார்த்தால் கூட்டலும்தான்.)

அடிப்பக்கத்தைச் சுற்றி ஒரு செம்புப் பட்டை.
பீரங்கிக் குழலைக் கடந்த குண்டென்றால்
அதில் சாய்வாய்க் கீறல்கள் விழுந்திருக்கும், திருகாணி மரைபோல.
சின்னக் கண்ணாடியைப் பின்னால் நீட்டிப் பார்க்கிறேன்.
வழவழப்பு. சுடப்படாதது.
ஆலையிலிருந்து கப்பல், கப்பலிலிருந்து லாரி,
லாரியிலிருந்து யாருடைய தோளோ,
தோளிலிருந்து களிமண்.
யாரையும் கொல்லவில்லை.
அதாவது, இதுவரை.

ஃபியூஸுக்கு மூன்று விரற்கடை கீழே
எந்தக் கையேட்டிலும் இல்லாத ஒரு குறி.
துருவைச் சீவிக்கொண்டு ஒற்றைக் கோடு,
கடையில் வாங்கிய புதுப் பாத்திரம்போல் மின்னுகிறது.
படத்தைப் பார்த்துவிட்டு ஹஸ்ரின் ரேடியோவில் கேட்கிறான்,
"அது எந்த ஆலை?"
வாளியின் பல், என்கிறேன்.
இன்று காலை எட்டு பத்து.

எக்ஸ்கவேட்டர் ஓட்டியவர் வேம்பையன், ஒரத்தநாட்டுக்காரர்.
தடுப்புக்கு வெளியே முதலில் அவரிடம்தான் விசாரித்தேன்.
"கல்லுன்னா கைப்பிடி உதறும் மேடம்.
இது முனகுச்சு."
வாளியைத் தூக்கவுமில்லை, விடவுமில்லை,
அப்படியே அந்தரத்தில் நிறுத்திவிட்டு
இறங்கிப்போய் வழியில் நின்றிருக்கிறார்,
மஞ்சள் தொப்பி, விரித்த கை, அகட்டிய கால்.
பின்னால் ஏழு லாரி ஹாரன் அடித்திருக்கிறது.
சூப்பர்வைசர் கோ சீனத்தில் திட்டியிருக்கிறார்.
நகரவில்லை.

படிவத்தில் விட்டத்துக்கும் நீளத்துக்கும் கட்டம் உண்டு,
நிறப்பட்டைக்கு, முத்திரைக்கு, ஆண்டுக்கு உண்டு.
நிறம் என்ற இடத்தில் துரு என்று எழுதக் கூடாது,
'அறிய இயலவில்லை' என்றுதான் எழுதவேண்டும்.
பல் போட்ட கோட்டுக்குக் கட்டமில்லை.
ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன்,
பக்கத்தில் அவர் பெயரையும் எழுதினேன்.
மேலிடம் அதை அழிக்கும்.

நாலு இருபதுக்கு மணல்மூட்டைகளுக்கு உள்ளே
எண்பது சொச்சம் வருடத்தைத் தீர்த்தோம்.
சத்தம் எதிர்பார்த்ததைவிடச் சின்னது.
சேறு வெகுநேரம் விழுந்துகொண்டிருந்தது,
பஸ் நிறுத்தத்தில் கூடியிருந்தவர்கள்
போனை இறக்கிவிட்டு, இனி லிஃப்ட் வேலை செய்யுமா என்றார்கள்.

தடுப்பு நாடாவைச் சுருட்டும்போது வேம்பையன் வந்தார்.
"அந்த எழுத்தெல்லாம் படிச்சீங்களே மேடம்,
எட்டு பத்துலேர்ந்து வேலை நின்ன நேரத்த
யாரு கணக்குல எழுதுவாங்க,
அது தெரியுமா?"

நான் கோவைப் பார்த்தேன்.
கோ தன் கைப்பேசியைப் பார்த்தார்.